வைக்கோல் தொப்பி

1862 மே 13, விடிவதற்கு முன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கையில் இருந்த சார்லஸ்டன் துறைமுகம். வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். 23 வயது அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, மற்ற அடிமை மாலுமிகளோடு தெற்குப் படையின் 'பிளாண்டர்' கப்பலைக் கிளப்பினார். வழியில் மனைவி ஹன்னாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்.

தெற்குப் படை காவல் காத்த சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால், கேப்டன் மாதிரியே நின்று விசில் சைகை கொடுத்தார். கோட்டை வழிவிட்டது. அப்புறம் தெற்கை எதிர்த்துப் போரிட்ட வடக்கு மாநிலங்களின் கப்பலைக் கண்டதும் படுக்கை விரிப்பு ஒன்றை வெள்ளைக் கொடியாக ஏற்றினார்கள்.

பிடிபட்டால் கப்பலோடு மூழ்கிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். அதைத் தெரிந்துதான் ஹன்னா கைக்குழந்தையோடு ஏறியிருக்கிறார். எனக்கு இந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை.

தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே பின்னாளில் ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். ஸ்மால்ஸின் அம்மாவும் அங்கேதான் வாழ்ந்தார்.