செர்கியின் பேழை முன்னே

மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது செர்கியேவ் போசாத். அங்குள்ள திரித்துவ மடத்தில் யாத்திரிகர் கூட்டம் முதலில் நாடுவது, ஒற்றைப் பொன் குவிமாடம் தாங்கிய வெள்ளைக்கல் ஆலயத்தை. இந்த மடத்தை நிறுவி 1392இல் மறைந்த புனித செர்கியின் திருவுடல் அங்கேதான் வெள்ளிப் பேழைக்குள் இருக்கிறது.

உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சமே பெரிது. உட்கார இருக்கைகள் கிடையாது. ஓவியர்கள் ருப்லேவும் தனியேல் சோர்னியும் தம் குழுவினரோடு வரைந்த திருவுருவங்கள் எதிரே அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கின்றன. முக்காடிட்ட பெண்கள் செர்கியைப் போற்றிப் பாட, வரிசை மெல்ல நகர்கிறது.

அந்த வரிசையில் நின்றபோது என் மனம் முழுவதும் 1446 பிப்ரவரியில் இருந்தது. அன்று இங்கே வழிபட வந்திருந்தார் மாஸ்கோவை ஆண்ட பெருங்கோமகன் இரண்டாம் வசீலி. சித்தப்பா மகன் திமித்ரி ஷெம்யாக்கா மாஸ்கோவைப் பிடித்துவிட்டார். எச்சரிக்கை வந்தும் வசீலி நம்பவில்லை. சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்த உறவினர்கள் ஆயிற்றே! வீரர்களோ பனிச்சறுக்கு வண்டிகளில் பாய்க்கடியில் ஒளிந்து வந்தார்கள். ஆலயத்துக்குள் ஓடிய அவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார் கோயில்பிள்ளை. பயனில்லை. செர்கியின் கல்லறைமேல் இருந்த திருவுருவத்தை ஏந்தி வந்து கெஞ்சியவரை இழுத்துப்போய், மாஸ்கோவில் கண்களைப் பறித்தார்கள்.

இதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. இந்தக் கல் ஆலயம் எழ 1422இல் பொருள் தந்தவர் ஷெம்யாக்காவின் தந்தை யூரி. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே செர்கி. அண்ணனுக்குப் பின் தம்பிக்கே பட்டம் என்ற பழைய முறையைச் சொல்லி, 1425இல் சுமார் பத்து வயதில் பட்டத்துக்கு வந்த வசீலியை எதிர்த்தவரும் அவர்தான். தந்தை எழுப்பிய அடைக்கலத்தை மகனின் ஆட்கள் மிதித்தார்கள்.

வசீலிக்காக மட்டும் வேண்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1436இல் ஷெம்யாக்காவின் அண்ணன் வசீலி கோசோயின் கண்ணைப் பறிக்கச் செய்தவர் அவரே. தாமும் பார்வை இழந்தபின் மறு ஆண்டே அரியணையை மீட்டு 1462வரை ஆண்டார். ஷெம்யாக்காவை 1453இல் நோவ்கொரோத் நகரில் நஞ்சு கொன்றது. பேழையில் நெற்றி பதித்து எல்லோர் பெயரையும் சொன்னேன்.

இங்கே வருகிறவர்கள் மாஸ்கோ கிரெம்ளின் கோட்டையிலுள்ள தலைமைத் தூதர் மிக்கேல் ஆலயத்துக்கும் போங்கள். யூரியும் கோசோயும் வசீலியும் அந்த ஒரே கூரையின் கீழ்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.