பத்தாம் மாடித் தீ: நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

விடிகாலையில் சிங்கப்பூரில் எங்கள் எதிர் புளோக்கில் தீ. பத்தாம் மாடியில் உணவு விநியோகம் செய்யும் பையன் மின்சைக்கிள் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். டமாரென்று கேட்டுத்தான் எழுந்தானாம். கையில் தீக்காயம், உயிர் பிழைத்தான். அடுத்த வீடு லெட்சுமி அக்காவுடையது. தாழ்வாரத்துப் பக்கச் சன்னல் உடைந்து அனலும் கரும்புகையும் அவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டன. அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர்.

மார்ச் 6, வியாழன்

போய்ப் பார்த்தேன். தையல் மெஷினின் பிளாஸ்டிக் மூடி உருகி, ஊசிமேல் வழிந்து இறுகிக் கிடக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் கொடுத்த பட்டு ரவிக்கைத் துணிகளில் கரி படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க இன்னும் பரவுகிறது. “விடுங்கக்கா, எதையும் கழுவாதீங்க, தூக்கியும் போடாதீங்க. முதல்ல படம் எடுங்க” என்றேன்.

“அதான் வீவக தீக் காப்புறுதி இருக்கே மல்லிகா?” என்றார். காப்புறுதி நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தந்த வீட்டுக்கடன் பாக்கி இருக்கும்வரை எடுத்தே ஆகவேண்டிய அந்தக் காப்புறுதி சுவர், தரை, கழகம் பொருத்திக் கொடுத்த சாமான்கள் இவற்றுக்கு மட்டும்தான். அலமாரி, டிவி, மெஷின், புதுப்பிப்பு வேலை எதுவும் அதில் சேராது. அதற்கு வீட்டுப் பொருள் காப்புறுதி தனியாக எடுக்கவேண்டும். அக்கா எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பையனுக்கு மறுபக்கத்து வீட்டு அங்கிள் டான் வீட்டுப் பொருள் காப்புறுதி எடுத்திருக்கிறார். இன்று சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து அளந்து, படமெடுத்துப் போனார். காசு கொடுத்த பிறகு காப்புறுதி நிறுவனம் அங்கிள் பெயரிலேயே பையன்மீது வழக்குப் போடலாம். “நான் போடலப்பா, பாவம் பையன்” என்கிறார் அங்கிள். அவர் இஷ்டத்தில் இல்லை. அந்த உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும்.

பையனின் அம்மா, இந்த ஜனவரி முதல் நடப்புக்கு வந்த தளமேடை ஊழியர் (செயலி வழி வேலை செய்பவர்) சட்டப்படி வேலைக்காய இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டார். வேலை நேரத்தில் அடிபட்டால் உண்டு, வீட்டில் தூங்கும்போது பட்ட காயத்துக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

மார்ச் 20, வியாழன்

அக்காவுக்கு இரண்டு மனம். “பக்கத்து வீட்டுக்காரன்மேல கேஸ் போட்டுட்டு எப்படி ஒரே லிஃப்ட்ல போறது?” நியாயம்தான். ஆனால் பேட்டரி விற்றவனையும் பிடிக்க வழியில்லை. இணையத்தில் யாரிடமோ வாங்கிய பழைய பேட்டரி. விற்றவனின் கணக்கையே இப்போது காணோம்.

தீ எங்கிருந்து வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, கவனக்குறைவு என்றும் காட்டவேண்டும். இதில் அக்காவுக்குக் கை கொடுப்பது 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கிரேஸ் எலக்ட்ரிக்கல் நிறுவனத்தின் இடத்தில் பிடித்த தீ பக்கத்து டீ டியம் எஞ்சினியரிங் கட்டடத்துக்குப் பரவிய வழக்கு. எதனால் பிடித்தது என்று துல்லியமாக நிரூபிக்காமலே டீ டியம் ஜெயித்தது. இடம் உன் கட்டுப்பாட்டில், கவனமாக இருந்தால் இப்படித் தீ பிடிக்காது, அப்படியானால் விளக்கம் சொல்லவேண்டியது நீ என்பதுதான் சாரம். எல்லாத் தீக்கும் இது பொருந்திவிடாது. தீயணைக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் தீ அறிக்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவின் நட்டம் 20,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கும். அதனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றமே போதும். அங்கே வக்கீலுக்கு இடமில்லை, செலவும் குறைவு. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். பெரிய நீதிமன்றம் என்றால் சொத்துச் சேதத்துக்கு 6 வருடம், உடல் காயத்துக்கு 3 வருடம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்கவேண்டி வரும்.

ஏப்ரல் 9, புதன்

நேற்று ரிவர் வேலி ரோடு கடைவீட்டில் தீ. பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள், தமிழ்நாட்டுத் தம்பிகளும் சேர்த்து, வெளியிலிருந்தே ஏறிப் பிள்ளைகளை இறக்கியிருக்கிறார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி போய்விட்டாள்.

நம் சட்டத்தில் மரணத் துயரத்துக்கென்று ஒரு தொகை உண்டு, 15,000 வெள்ளி. உரிமையுள்ளவர்கள் எத்தனை பேரானாலும் அதைத்தான் பங்கிடவேண்டும். இறந்தவர் வருமானத்தை நம்பியிருந்தவர்கள் கேட்பது வேறு கணக்கு. பிள்ளைக்கு ஏது வருமானம்? எனக்கு இந்தத் தொகையை என்றுமே ஜீரணிக்க முடிந்ததில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பையனும் அவன் அம்மாவும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். கட்டு இன்னும் அவிழவில்லை. மாதம் 300 வெள்ளி கொடுக்கிறேன் என்கிறான். அக்கா உடனே தலையாட்டப் போனார், நான்தான் நிறுத்தினேன். அங்கிள் டானின் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய கடிதமும் பையன் கையில் இருந்தது. அவர்கள் கேட்பது இதைப்போலப் பல மடங்கு, அதுவும் மொத்தமாக. அவனிடம் இருப்பது ஒரு சம்பளம்.

வாய்ப்பேச்சு வேண்டாம், மன்றத்தில் பதிந்து சமரசத்தை ஆணையாகவே வாங்கிக்கொள்ளுங்கள், தவணை நின்றால் அதை வைத்து அமலாக்கலாம் என்று சொன்னேன். பையனே ஒப்புக்கொண்டான். அக்காவின் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கடவுச்சொல் அவர் மகனிடம் இருக்கிறது. அவன் இரவு வேலை முடிந்து வந்ததும் பதிகிறோம்.