பூச்சிமருந்து விஷமும் அட்ரோபினும்
நேற்று இரவு டியூட்டியில், மருந்தடித்த வயலிலேயே சாய்ந்துவிட்ட ஓர் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவு, நெஞ்சில் சளி கொறகொறவென்று. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷம்தான். உடனே முறிமருந்தான அட்ரோபின் ஊசி 3 மில்லிகிராம், 5 நிமிடம் பார்த்து இரட்டிப்பு, அடங்காததால் மறுபடி இரட்டிப்பு. ஒரு குப்பியில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும், உடைத்து உடைத்து விரல் வலித்தது. நெஞ்சு தெளிந்து, நாடி 80 தாண்டி, அக்குள் காய்ந்த பிறகுதான் நரம்பு வழியாக ஏறும் டிரிப்ஸாக மாற்றினோம்.

பிராலிடாக்ஸைம் என்ற இன்னொரு முறிமருந்தும் போடுவதுண்டு, ஆனால் இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் அதனால் உயிர்பிழைப்பு கூடவில்லை. அட்ரோபினும் மூச்சுக்கருவியும்தான் உயிரைப் பிடித்து வைக்கின்றன.

தயவுசெய்து உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, பூச்சிமருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.