கிளம்ஸி என்றால் விறைத்துப்போன கை

அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கில நோட்டில் 'கிளம்ஸி' என்ற சொல்லுக்கு நேராக 'கவனமில்லாதவள்' என்று எழுதி வைத்துக்கொண்டு "சரிதானே அத்தை?" என்றாள். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் பிறந்தபோது பேச்சு கவனத்தைப் பற்றியதே இல்லை, குளிரைப் பற்றியது.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கிளம்ஸென்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. குளிரில் விறைப்பது, மரத்துப்போவது என்று பொருள். ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்தது. பேச்சு வராமல் வாயடைத்து நிற்பவரை ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் 'கிளும்ஸா' என்கிறார்கள். அந்தக் 'கிளம்ஸென்' என்ற சொல்லிலிருந்துதான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'கிளம்ஸி' வந்தது, மரத்த கையால் வேலை செய்பவர்போலத் தடுமாறுகிறவர் என்று. போகப்போகக் குளிரை மறந்துவிட்டார்கள், பழி ஆள்மேல் வந்து நின்றுவிட்டது.

சென்னையில் ஏது குளிர் என்பீர்கள். காசிமேட்டுக்கு வந்து பாருங்கள். என் அம்மா அங்கே 20 வருஷம் மீன் விற்றவர். சித்திரை மாசத்திலும், கழுத்தில் வியர்வை வழிய, இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும். ஒருநாள் வஞ்சிரம் வாங்கியவருக்கு மீதி கொடுக்கும்போது காசு விரலிடுக்கில் நழுவி மீன் தண்ணீரில் விழுந்தது. "ஒழுங்கா கொடுக்கத் தெரியாதாம்மா?" என்றார் அவர். அம்மா பதில் பேசவில்லை, முந்தானையில் கையைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய், கையில் இருப்பது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று கண்ணால் பார்த்துத்தான் அவரால் சொல்ல முடிந்தது. குளிர்ந்த நரம்பு சேதியை மெதுவாகத்தான் கொண்டுபோகும், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதே விரலுக்குத் தெரியாது. இதில் கவனம் என்ன செய்யும்?

இப்படித் தடுமாறுகிறவரை அமெரிக்கர்கள் 'கிளட்ஸ்' என்றும் சொல்வார்கள். ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியிலிருந்து போனது, அங்கே அதற்கு மரக்கட்டை என்று பொருள். நாமும் கை 'மரத்துப்போச்சு' என்கிறோம், மரம் அதற்குள்ளேயே கேட்கிறது இல்லையா, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தடுமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் 'கோஷ்' என்று இன்னொன்று உண்டு, பிரெஞ்சில் அதற்கு இடது என்று அர்த்தம். பீச்சாங்கைக்காரர்களை அங்கேயும் விட்டுவைக்கவில்லை, அதுதான் வருத்தம்.

சரி, பரீட்சைக்கு இன்றைய அர்த்தம்தானே வேண்டும், நோட்டில் 'தடுமாறுகிறவர்' என்று மாற்றி எழுதினாள். அப்புறம் உள்ளே போய் "ஆயா, இப்பவும் உனக்குக் கை மரத்துப்போகுமா?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டியை விட்டு ஆறு வருஷம் ஆச்சுடி. இப்ப காசைக் குடு, கண்ணை மூடிக்கினே எண்ணிச் சொல்றேன்" என்றார் அம்மா.