தமரில்லோவும் மீன் குழம்பும்

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கத்திலிருந்து நியூசிலாந்துக்குக் குடிபோகிறவர்கள், அங்கே குளிர் ஏறும் மாதங்களில் கடையில் ஒரு பழத்தைப் பார்ப்பார்கள். முட்டை வடிவம், கூர்ந்த முனை, நீளக் காம்பு, கருஞ்சிவப்புத் தோல். கொடைக்கானல் போய் வந்தவர்கள் 'மரத்தக்காளி' என்று கண்டுகொள்வார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிச் செடி. தமரில்லோ என்பது நியூசிலாந்தில் 1967-இல் வைத்த பெயர்.

தக்காளி போல அப்படியே கடித்தால் கதை முடிந்தது. தோல் அவ்வளவு கசப்பு. பச்சை நிறம் துளியும் இல்லாமல், அமுக்கினால் லேசாகக் குழைகிற பழத்தை எடுங்கள். காய்வெட்டாக இருந்தால் நாக்கில் துவர்க்கும். பச்சையாகத் தின்ன மஞ்சள் ரகம்தான் தேவலை: குறுக்கே வெட்டி, சர்க்கரை தூவி, கரண்டியால் வழித்துத் தின்னலாம். சிவப்பு, சமையலுக்கு.

அடியில் கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வரும். சதையில் சில நேரம் மணல் போலச் சிறு கல் தட்டுப்படும். மீன் முள் பொறுக்கிப் பழகிய கைக்கு அது பெரிய வேலையா? சிவப்புச் சாறு துணியில் பட்டால் போகாது.

அரைக் கிலோ மீனுக்கு நாலு பழம். தக்காளி வேண்டாம். எலுமிச்சை அளவு புளி போடுகிறவர்கள் நெல்லிக்காய் அளவோடு நிறுத்துங்கள். இதைக் கவனிக்காமல் வழக்கமான புளியையும் கரைத்து ஊற்றினால் பல் கூசும். வெங்காயம் வதங்கியபின் பழத்தை மசித்துப் போட்டு, எண்ணெய் பிரிந்ததும் மசாலா. ஜாமை இறுக வைக்கிற பெக்டின் நிறைய இருப்பதால் குழம்பு இறுகும், அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாகவே வையுங்கள். அங்கே கிடைக்கும் கஹவாய் என்ற கடல் மீனுக்கு நன்றாகச் சேரும். அலுமினியச் சட்டி ஆகாது, புளிப்பு அரிக்கும்.

செடியை வீட்டில் வைத்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். வேர் மேலாக ஓடுவதால் காற்றில் சாய்ந்துவிடும், முட்டுக்கம்பு அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், உறைபனி இளஞ்செடியைக் கருக்கும். 2006-இல் அந்நாட்டில் தென்பட்ட தக்காளி–உருளைக்கிழங்குச் சாறுறிஞ்சிப் பூச்சியும் இதை விடாது.

ஊருக்கு விதை அனுப்பும் ஆசை வேண்டாம். அனுமதிச் சிக்கல் ஒருபுறம். நம் கரையின் சூடான இரவில் காய் பிடிப்பது கடினம், உப்புக்காற்று மெல்லிய இலையைக் கிழித்துவிடும். இங்கே அது மலைக்குத்தான்.