உடை மாற்ற ஓர் அறை

எட்டு ஆண்டுகள் ஒரே லேத்தின் முன் நின்று வேலை பார்த்த என்னை, ஒருநாள் அந்த ஷிப்டுக்கே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோனது. முந்தைய நாள்வரை என் டப்பாவிலிருந்து ஊறுகாயை உரிமையோடு எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். கூட நின்று உழைத்தவர்களுக்கு வேலை சொல்லும் இடத்துக்கு வருவது எத்தனை கடினம் என்பது அன்று உறைத்தது.

அதனால்தான் ஃபிரிட்ஸ் பொல்லார்டின் வாழ்க்கை என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர். நான் பட்டது சில மாதச் சங்கடம். அவர் பட்டதற்கு அந்தச் சொல் போதாது.

1894இல் சிகாகோவில் பிறந்து, பிரவுன் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். 1916 புத்தாண்டு நாளில் கல்லூரி அணிகள் மோதும் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் இறங்கியபோது, அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் அவர் வேலை. உடம்போ வெறும் 75 கிலோ.

1919இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் அணியில் சேர்ந்தார். டயர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. சொந்த ஊர் ரசிகர்களே அவரை ஏசினார்கள். மற்ற வீரர்கள் உடை மாற்றும் அறையில் அவருக்கு இடமில்லை. அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் மைதானத்துக்கு வருவார். கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே விழுந்து நசுக்குவார்கள் என்பதால், விழுந்த கணமே மல்லாந்து புரண்டு, ஆணி பதித்த பூட்ஸ் கால்களை வானத்தை நோக்கி உயர்த்திக்கொள்வார். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு. வேலைக்குப் போகிற ஒரு மனிதன் இப்படியொரு வித்தையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது!

1920, லீக் தொடங்கிய ஆண்டு. ஆக்ரன் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை: எட்டு வெற்றி, மூன்று சமநிலை. அந்த ஆண்டு முழுவதும் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 7 புள்ளிகள்தான். முதல் சாம்பியன் பட்டம் ஆக்ரனுக்கே.

அடுத்த ஆண்டு பயிற்சிப் பொறுப்பிலும் பொல்லார்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடிக்கொண்டே பயிற்சியும் அளிப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். ஆனால் அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். யாருடைய அறையில் உடை மாற்ற அவருக்கு அனுமதி இல்லையோ, அவர்களுக்கு எங்கே ஓடு, யாரை மறி என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர்களும் அதைக் கேட்டு ஆடினார்கள். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்பது புரிந்துதான் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். என் ஷிப்டில் முறைத்துக்கொண்டு நின்றவர்கள் மெல்ல இறங்கி வந்ததும் அப்படித்தான். ஒரு நாள் மாலை, யாராலும் சரியாக வராத ஒரு பாகத்தை நானே லேத்தில் நின்று கடைந்து காட்டினேன். அதன் பிறகு பேச்சு திரும்பியது.

பொல்லார்டுக்கு அந்த இளக்கம் நிலைக்கவில்லை. 1926க்குப் பிறகு லீக்கில் அவருக்கு இடமில்லை. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட அதில் ஆடவில்லை. எழுதாத தடை அது. அவர் ஓய்ந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹார்லெமில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணிக்குப் பயிற்சியளித்தார்.

1986இல், 92 வயதில் இறந்தார். லீக்கில் அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் அமர்ந்தது 1989இல். அந்த மூன்று ஆண்டுகள்தான் எனக்கு ஆறாமல் இருக்கின்றன. 2005இல் பொல்லார்டின் பெயரை, அந்த ஆட்டத்தின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். மன்றம் இருக்கும் கான்டன் நகரம் ஒஹாயோவிலேயே இருக்கிறது. அந்தச் சுருட்டுக் கடை இருந்த ஆக்ரனிலிருந்து காரில் அரை மணி நேரம்.