அப்பப்பாட வெறும் உறை

அப்பப்பாட கைத்துவக்கு எனக்கு வரேல்ல, அதின்ர தோலுறைதான் வந்தது. துவக்கு பெல்ஜியத்துப் பிரவுனிங், 1905 மொடல், 6.35 மி.மீ. குண்டு. உள்ளங்கைக்குள்ள மறையுமாம். பிடிக்குப் பின்பக்கம் இருக்கிற தகட்டை அமத்தினால்தான் வெடிக்கும். 83 கலவரத்துக்கு முதலே அப்பப்பா அதைப் பொலிஸில ஒப்படைச்சிட்டார். ஒப்படைச்ச பற்றுச்சீட்டு இருக்கு, மை மங்கிப்போச்சு.

திருகோணமலை உப்புக்காத்து, அதோட மாரி. உறை முழுக்கப் பூஞ்சணம். காய்ஞ்ச சீலையால துடைச்சு, நிழலில காத்தாட விட்டு, கொஞ்சம் தேன்மெழுகு தேய்ச்சன். (தேங்காயெண்ணெய் பூசச் சொன்ன மாமிக்கு வாயே திறக்கேல்ல.) பித்தளைக் குமிழில மட்டும் பச்சை திரும்பத் திரும்பப் பிடிக்குது.

அப்பப்பா துவக்கை உறைக்குள்ள விட்டுவைக்கவே மாட்டாராம். தோல் ஈரத்தைப் பிடிச்சு இரும்பைத் தின்னும். துவக்கு எண்ணெய்ச் சீலையில சுத்தி அலுமாரிக்குள்ள, உறை வெளியில ஆணியில.

இப்பவும் அதே ஆணியிலதான் தொங்குது.